குடுகுடுப்பைக்காரனுக்கு ஒரே ஒரு உயிர் கூட்டினேன், டெக்கெல்லாம் மாறிருச்சு

ஒருவழியா நடந்துருச்சு. நாங்க உருவாக்கிட்டு இருக்கற யாளிக்கோட்டை கார்டு கேம்ல யாரும் சீந்தாம கெடந்த குடுகுடுப்பைக்காரன இப்ப மதுரை செல்லூர் மொட்டமாடில ஆடுற பயலுக முக்காவாசிப் பேரு தானா டெக்குல, அதாவது ஆட எடுக்கற கார்டு கட்டுல, சொருகுறாங்க. நான் யாரையும் கெஞ்சல. போன ஞாயித்துக்கிழமை அத்தை மகன் அவன வச்சே ஒரு யாளி டெக்கை சாய்ச்சுட்டான், எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

ரூல் தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 30 கார்டு டெக், ஒரு கார்டுக்கு 2 காப்பி, டர்னுக்கு ஒரு விளக்கு ஏறும், 8 விளக்கோட நின்னுரும், கார்டை எறக்க ஆகுற செலவு அந்த விளக்குதான். குடுகுடுப்பைக்காரன் 3 விளக்கு, அடி 1, உயிர் 3. அடுத்த டர்ன் ஆரம்பத்துல உயிரோட இருந்தா டெக்குல மேல இருக்கற 3 கார்டைப் பாத்து ஒண்ண கையில எடுத்துக்கலாம், மத்தது டெக்குக்குக் கீழ போயிரும். படிக்கிறப்ப அம்புட்டு நல்லா இருக்கும். ஆனா அந்த "உயிரோட இருந்தா" நடக்கவே நடக்காது, ஏன்னா எதிராளி 2 விளக்குக்கு கொள்ளிவாய்ப் பிசாசை எறிவான், அது 3 அடி, ஆளு காலி, அவனுக்கு ஒரு விளக்கு மிச்சம் வேற.

எல்லாரும் மொத சொல்றது அடியக் கூட்டுன்னுதான். கூட்டிப் பாத்தோம். அடி 2, அப்புறம் 3. அடி 3 ஆனதும் அவன் குறி சொல்றத விட்டுட்டு குத்துச்சண்டைக்குப் போயிட்டான், வேகமா அடிக்கிற டெக்குகாரன் மட்டும் எடுத்தான், குறி பாக்குற வேலைய ஒருத்தனும் செய்யல. கேரக்டர் ஜெயிக்கிறது வேற, அந்த கேரக்டர் அவனா இருந்து ஜெயிக்கிறது வேற. எனக்கு வேணும்னது ரெண்டாவது.

அப்பத்தான் கார்டு நம்பரெல்லாம் எழுதி வச்சிருக்கற ஷீட்டுல ஒரு புது காலம் (column) போட்டேன், இந்தப் பதிவே அதச் சொல்லத்தான். உயிர் 1-ல இருந்து 8 வரைக்கும் வரிசையா எழுதிட்டு, ஒவ்வொண்ணுக்கும் நேரா அந்த உயிர் உள்ள ஆளை ஒத்தக் கார்டா ஒரே அடியில சாய்க்கிற கார்டு மொத்த ஆட்டத்துலயும் எத்தனைன்னு எண்ணிப் போட்டேன். உயிர் 3-க்கு 11 கார்டு. உயிர் 4-க்கு வெறும் 4. உயிர் 5-க்கு 3. பாத்தீங்களா? 3-க்கும் 4-க்கும் நடுவுல கெணறு மாதிரி ஒரு பள்ளம், 4-க்கும் 5-க்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. நம்பர் என்னமோ ஒண்ணு ஒண்ணாத்தான் ஏறுது, ஆனா ஆட்டத்துக்குள்ள அந்த ஒண்ணோட மதிப்பு எடத்துக்கு எடம் மாறுது. உயிர் 1-ல இருந்து 2-க்குப் போறதும் இதே மாதிரி பெரிய தாவல், ஏன்னா ஈசல் கூட்டம்ங்கற கார்டு எல்லாருக்கும் 1 அடி போடும்.

மேஜிக் த கேதரிங்ங்கற கார்டு கேம் ஆடுறவங்களுக்கு இது புதுசில்ல. 1993-ல மொத செட்டுலயே வந்த லைட்னிங் போல்ட் கார்டு ஒரு மானாவுக்கு (நம்ம விளக்கு மாதிரி) 3 டேமேஜ், அது பொழங்குற ஆட்ட வகையில டஃப்னஸ் (நம்ம உயிர் மாதிரி) 3 இருக்கற ஆளும் 4 இருக்கற ஆளும் வேற வேற ஜாதின்னு பழைய ஆளுக சொல்லுவாங்க. ஹார்த்ஸ்டோன்ங்கற கம்ப்யூட்டர் கார்டு கேம்ல 2017-ல வாரியரோட ஆயுதக் கார்டு பயரி வார் ஆக்ஸை 2 மானால இருந்து 3 ஆக்குனாங்களே, அடியும் தேய்மானமும் அப்படியே இருந்துச்சு, மாறுனது ஒரே ஒரு மானா, வாரியர் ஆடுறவங்க அத எடுக்கறதையே கொறச்சுட்டாங்க. கார்டுல இருக்கற நம்பர தனியாப் பாத்து ஒண்ணும் புரியாது, சுத்தி இருக்கற மத்த கார்டு எங்க நிக்குதுன்னு பாத்தாத்தான் புரியும்.

சரி, உயிர 4 ஆக்குனேன். அவ்வளவுதான், வேற ஒரு எழுத்து மாத்தல. இப்ப கொள்ளிவாய் ஒண்ணுல சாக மாட்டான், ரெண்டு கார்டு செலவழிக்கணும், இல்ல அஞ்சாவது விளக்கு வரைக்கும் பொறுத்து யாளிய எறக்கணும், யாளிக்கு அடி 4, கரெக்டா அவனக் கொல்லும். எதிராளி மொகத்தப் பாக்கணுமே, ரெண்டு கார்டை இவன் மேல வீணாக்கவா, இல்ல ஒரு குறி பாத்துட்டுப் போகட்டும்னு விடவான்னு கார்டை விசிறியா விரிச்சு வச்சுக்கிட்டு யோசிக்கிறான். அந்த யோசனைதான் இத்தனை நாளா இந்த கேரக்டர்கிட்ட இல்லாத விஷயம்.

உயிர் 5-ம் போட்டுப் பாத்தாச்சு. ஷீட்டு சொன்ன மாதிரியே மத்த டெக்குக்கு ஒரு மாத்தமும் தெரியல, யாளி வச்சிருக்கறவன் மட்டும் ரெண்டு டர்ன் அடிக்க வேண்டி வந்துச்சு. ஒரு டெக்குக்கு மட்டும் ஓரவஞ்சன பண்ற மாதிரி ஆயிரும், அதனால 4-தான்.

அத்தை மகன் இன்னொண்ணு சொன்னான், "மாமா, அவன் எறங்குன ஒடனே குறி பாக்குற மாதிரி மாத்திருங்க, பிரச்சனையே முடிஞ்சுது." முடியும்தான். ஆனா எறங்குன ஒடனே வேலை முடிஞ்சுட்டா அப்புறம் அவன எதுக்கு அடிக்கணும்? சும்மா மூலையில நிப்பான். ஒரு டர்ன் காத்திருக்கணும்ங்கறதுலதான் ரெண்டு பக்கமும் சூடு பிடிக்குது, அத எடுக்க மாட்டேன்னு சொல்லிப்புட்டேன். கார்டுக்கு அடியில "நல்ல காலம் பொறக்குது"ன்னு ஒரு வரி போட்டிருக்கேன், இப்பல்லாம் அவன் ஒரு டர்ன் தாண்டுனா ஆடுறவன் அத சத்தமா கத்திக்கிட்டே கார்டு பாக்குறான்.

யாளியக் கொறச்சா எல்லாம் சரியாயிரும்னு விளாங்குடி மாப்ள ரொம்ப நாளா சண்ட போடுறான். அவனுக்கு நான் சொல்ற பதில் ஒண்ணுதான், யாளிய எல்லாருக்கும் புடிக்குது, புடிச்ச பொருளப் புடுங்குனா ஆட்டத்துல ஆசை போயிரும். அதுக்காக எல்லா சவலைக் கார்டையும் யாளி அளவுக்கு தூக்கிவிடவும் முடியாது, அப்புறம் அடுத்த செட்டுல யாளி சவலையாயிரும், ஏத்தத்துக்கு முடிவே இருக்காது. யாளி வரையறதும் அந்த விளாங்குடி மாப்ளதான், மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத் தூண்ல இருக்கறத பாத்துப் பாத்து வரையறான், உள்ள செல்போன் கொண்டு போக முடியாதுல்ல, அதனால நின்னு நிதானமா பாத்து மனசுல ஏத்திட்டு வெளிய வந்து ஒக்காந்து வரைவான். அந்த நகமும் தும்பிக்கையும் அப்புடி இருக்கும். கருப்பசாமி, பாண்டிமுனி இவங்கள ஏன் போடலன்னு சிலர் கேக்குறாங்க. அது கும்புடுற சாமி, அதுக்கு அடி எத்தன உயிர் எத்தனன்னு நம்பர் போட எனக்கு மனசு வராது.

டெஸ்ட் பத்தி ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். 20 ஆட்டத்துல 12 ஜெயிச்சுட்டான், கார்டு ஓவர் பவர்னு ஒடனே குதிக்காதீங்க. காசு சுண்டிப் போட்டாலே 20-க்கு 12 இல்ல அதுக்கு மேல வர்றது நாலுல ஒரு தடவ நடக்கும். அதனால நாங்க ஒரே டெக்கை ரெண்டு பேரும் எடுத்து, ஒருத்தன்கிட்ட மட்டும் 2 கார்டை மாத்தி, யார் மொத ஆடுறதுன்னு மாறி மாறி ஆடுறோம். இன்னொண்ணு, அந்த கார்டு கைக்கு வந்த ஆட்டத்த மட்டும் தனியா குறிக்கணும். 2 காப்பி வச்சாலும் மூணாவது டர்னுக்குள்ள 7 கார்டுதான பாக்குறோம், அதுல ஒண்ணாவது வர்றது 42 சதவீதம்தான், 10 கார்டு பாத்தாக்கூட 56. கைக்கே வராத கார்டை ஜெயிச்சதுக்கும் தோத்ததுக்கும் காரணமாக்கி என்ன பிரயோஜனம்?

பிரிண்ட் விஷயம். டெஸ்ட்டுக்கு சாதா பேப்பரே போதும், ஏ4-ல 63க்கு 88 மில்லிமீட்டர் சைஸ்ல 9 கார்டு ஒக்காரும், வெட்டி பழைய சீட்டுக்கட்டு கார்டுக்கு முன்னாடி வச்சு ஸ்லீவுல (பிளாஸ்டிக் உறை) சொருகிட்டா நம்பர் மாத்துறப்பல்லாம் பேப்பர மட்டும் மாத்திக்கலாம். ஸ்லீவு பின்பக்கம் கண்டிப்பா ஒளி ஊடுருவாததா வாங்குங்க. டவுனுக்குள்ள ஒரு கடையில ஆசைப்பட்டு 300 ஜிஎஸ்எம் கெட்டி ஆர்ட் கார்டுல ஒரு செட்டு போட்டேன், கலர் அருமை, ஆனா கட்டிங்ல ஒரு ஓரம் கூடக் கொறச்சலா வந்து யாளி கார்டு கட்டுக்குள்ளயே கையில தட்டுப்படுது. போட்டி ஆட்டத்துல அது ஆகவே ஆகாது, காசு போச்சேன்னு வயிறு எரிஞ்சுச்சு. செட்டு முழுசா முடிஞ்சதும் சிவகாசிலதான் டை கட்டிங்கோட (அச்சு வச்சு ஒரே அளவா வெட்டுறது) கேக்கணும்னு இருக்கேன், மேட் லேமினேஷனா இல்ல வார்னிஷ் மட்டும் போதுமான்னு சாம்பிள் பாத்துட்டு முடிவு பண்ணணும்.

அடுத்து ஆடு மேய்க்கிற கீதாரி கார்டு. 4 விளக்கு, அவன் எறங்குறப்ப 1 அடி 1 உயிர் உள்ள ஆடு மூணு கூட வரும். ஈசல் கூட்டம் ஒண்ணு விழுந்தா மூணும் ஒண்ணா போயிருது. ஆட்டுக்கு உயிர் 2 குடுத்தா ஷீட்டுல பெரிய தாவலு, மூணு ஆட்டுக்கும் சேத்து அது ரொம்ப ஓவர். அதனால ஆட்ட ரெண்டாக் கொறச்சு உயிர் 2 ஆக்கலாமா, இல்ல கீதாரி உயிரோட இருக்கற வரைக்கும் மட்டும் ஆட்டுக்கு ஒரு உயிர் கூடன்னு எழுதலாமான்னு ஓடுது. ரெண்டாவது எனக்குப் புடிச்சிருக்கு, மேய்க்கிறவன் நின்னாத்தான் மந்தை நிக்கும், கேரக்டருக்கும் பொருத்தம். வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டையும் பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போறேன், அதுக்கு முன்னாடி குடுகுடுப்பைக்காரன மோகினி டெக்குக்கு எதிரா இன்னும் கொஞ்சம் ஆடிப் பாக்கணும், அவ 4 உயிர் ஆளையெல்லாம் அடிக்காமயே தன் பக்கம் இழுத்துக்குறா.