84 வீட்டு அசோசியேஷன் கணக்கு எக்ஸெல்லிலிருந்து செயலிக்கு வந்த விதம்

சென்னையில் இரண்டு பிளாக், 84 வீடு. மெயின்டனன்ஸ் கணக்கு எக்ஸெல்லில், வருகிறவர் போகிறவர் பதிவு கேட்டில் உள்ள நோட்டில், புகார் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில். மூன்றையும் ஒரே செயலிக்குள் கொண்டுவர மூன்று மாதம் பிடித்தது. மென்பொருளைப் பழகியது அதில் பத்து நாள்கூட இருக்காது. மீதி முழுக்கப் பழைய பாக்கியைச் சரிபார்த்து, அவரவரை ஒத்துக்கொள்ள வைத்த வேலை.

குடியிருப்பு நிர்வாகச் செயலிகளில் மைகேட், அடா, நோபுரோக்கர்ஹூட் என்று எதை எடுத்தாலும் டெமோவில் கேட் பகுதியைத்தான் முதலில் காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். நாம் கேட்க வேண்டியது கணக்குப் பகுதியை. ஒரு வீட்டின் லெட்ஜரை, அதாவது வரவு-பாக்கிப் பதிவேட்டை, மூன்று வருஷத்துக்கு ஒரே கோப்பாக இறக்க முடியுமா? அபராதத்தைத் தனிவட்டியாக வைக்க முடியுமா? தப்பாகப் போட்ட ரசீதை ரத்து செய்தால் அது அழிந்துபோகிறதா, இல்லை அது அப்படியே இருக்க, அதைச் சமன்செய்யும் எதிர்ப்பதிவு விழுகிறதா? அழிந்துபோகிறது என்றால் வேண்டாம், ஆடிட்டர் ஏற்க மாட்டார்.

பதிவு செய்வதற்கு முன் ஒன்று. அசோசியேஷன் பெயரில் தனி மின்னஞ்சலும், ஆபீஸ் மேஜையிலேயே இருக்கும் ஒரு சிம் கார்டும் வேண்டும். செயலாளரின் சொந்த எண்ணில் தொடங்கினால், அவர் பதவி மாறும்போது ஓடிபி அவர் போனுக்கே போகும். புதுக் கமிட்டி அவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்து எக்ஸெல்லைச் சுத்தம் செய்வது. வீட்டு எண் பழைய கோப்பில் ஓரிடத்தில் ‘ஏ1’, இன்னொரு இடத்தில் ‘ஏ-01’, வேறிடத்தில் ‘ஏ 1’ என்று இருக்கும். செயலிக்கு அவை மூன்று வீடு. பிளாக்குக்கு எழுத்து இல்லாமல் 1-2 என்று எண் வைத்திருந்தால் இன்னும் மோசம், எக்ஸெல் அதைப் பிப்ரவரி 1 என்ற தேதியாக்கிவிடும். 91 சேர்த்து எழுதிய கைபேசி எண்ணோ 9.19 என்று சுருங்கிப் பின்னால் ‘E+11’ என்ற வாலோடு நிற்கும். அந்தக் கோப்பை அப்படியே ஏற்றினால் பாதிப் பேருக்கு அழைப்பே போகாது. தட்டச்சு செய்வதற்கு முன்பே வீட்டு எண், கைபேசி எண் இரண்டின் நெடுவரிசையையும் டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு மாற்றினால் தேதியானது தேதிதான், திரும்பி வராது.

தொடக்க நிலுவைதான் உண்மையான சண்டை. மார்ச் 31 தேதியிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்க அறிக்கை அச்சடித்துக் கொடுத்து, 15 நாள் கெடு வைத்தோம். ஆட்சேபம் சொல்பவர் பேங்க் ஸ்டேட்மென்ட்டோ ரசீதோ காட்ட வேண்டும். பாக்கி என்று வந்ததில் கணிசமானது பாக்கியே இல்லை. யுபிஐயில் பணம் போட்டவர் வீட்டு எண் எழுதாததால், ‘யாருடையது தெரியவில்லை’ என்ற தலைப்பில் கிடந்த தொகைகள் அவை. வாடகைதாரர் தன் பெயரில் கட்டியிருப்பார், ஓனர் பெயரில் பாக்கி நிற்கும். கையெழுத்தாகி வந்த தொகையை மட்டுமே செயலியில் ஏற்ற வேண்டும். ‘இப்போதைக்கு ஏற்றிவிட்டுப் பிறகு திருத்தலாம்’ என்பவர் எல்லாக் கமிட்டியிலும் ஒருவர் இருப்பார். அவர் பேச்சைக் கேட்டால், முதல் மாத பில்லிலேயே தப்பான பாக்கி எல்லார் போனிலும் மணியடிக்கும். அதற்குப் பிறகு அந்தச் செயலியை யாரும் நம்ப மாட்டார்கள்.

பில் விதிகளுக்கு வருவோம். சதுர அடிக்கு 3.25 ரூபாய் என்றால் 1,243 சதுர அடி வீட்டுக்கு 4,039.75. ரூபாய்க்கு முழுமையாக்கும் வசதியை இயக்கினால் 4,040. அதில் ஒருவர் 4,039 கட்டுவார். ஒரு ரூபாய் பாக்கி நிற்கும், கெடு தாண்டியதும் அதற்கும் ‘தாமதக் கட்டணம் 100’ என்று விழும். ஆகவே 100 ரூபாய்க்குக் குறைந்த பாக்கிக்கு அபராதம் கிடையாது என்று ஒரு வரம்பு வைத்துவிடுங்கள். தாமதத்துக்கு மாதம் 2 சதவீதம் என்று சங்க விதிமுறையான பைலாவில் இருந்தால், 12,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு வருஷத்தில் தனிவட்டி 2,880, கூட்டுவட்டி 3,219. எங்கள் செயலி தானாக வைத்திருந்தது இரண்டாவதை. அமைப்புப் பக்கத்தில் அதற்கான ஒரே ஒரு டிக் மார்க், மிகக் கீழே இருந்தது.

ஜிஎஸ்டி இன்னொரு பொறி. மாதம் ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாய் வரை விலக்கு. 2,400 சதுர அடி வீடு 7,800 ஆகிவிடுகிறது. சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் அதற்கு 18 சதவீதம் வரி. முழு 7,800க்கும் வரி என்பது மத்திய நிதி அமைச்சகத்தின் 2019 சுற்றறிக்கை, அப்படியானால் 1,404 ரூபாய். 7,500க்கு மேற்பட்ட 300 ரூபாய்க்கு மட்டுமே வரி என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பு, அப்படியானால் 54 ரூபாய். எதைப் பின்பற்றுவது என்று ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு செயலியில் அமைக்க வேண்டும். காலாண்டுக்கு ஒரே பில் போடுகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்: 4,040 வீதம் மூன்று மாதம் சேர்ந்து 12,120 ஆனதும், மாதக் கணக்கு என்று புரியாமல் மென்பொருள் வரி போட்டுவிடலாம். உண்மையான பில்லுக்கு முன் மூன்று வீட்டுக்குச் சோதனை பில் போட்டுப் பாருங்கள்.

பணம் வரும் வழியில் நாங்கள் அதிகம் தடுமாறினோம். கார்டில் 4,040 கட்டினால், 1.5 சதவீதக் கட்டணம் 60.60, அதற்கு ஜிஎஸ்டி 10.91 பிடித்துக்கொண்டு 3,968.49 தான் வரும். அதுவும் தனியாக வராது. அன்று கட்டியவர்கள் எல்லாருடையதும் ஒரே தொகையாக, ஒன்றிரண்டு வேலை நாள் கழித்து பேங்கில் விழும். செயலியில் 14 ரசீது, பேங்கில் ஒரே வரி. நடுவில், ஆன்லைன் பணத்தை வாங்கித் தரும் நிறுவனத்துக்கு ‘கேட்வே கணக்கு’ என்று ஒரு லெட்ஜர் திறந்து, ரசீதை அதில் வைத்து, பேங்க் வரவு வந்ததும் அங்கிருந்து நேர்செய்தால்தான் மாதக் கடைசியில் கணக்கு ஒட்டும். வீட்டுக்கு ஒரு மெய்நிகர் கணக்கு எண் (பணம் சங்கக் கணக்குக்கே வரும், எண் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு) கொடுத்து, அதற்கு நெஃப்ட் அனுப்பச் சொல்வது எல்லாவற்றையும்விடச் சுத்தம். யார் போட்டார் என்ற கேள்வியே எழாது. செக் கொடுப்பவர்கள் எப்போதும் நான்கைந்து பேர் இருப்பார்கள், அவர்களுக்குப் பணம் வரவான பிறகுதான் ரசீது.

செலவுப் பக்கத்தில் இரண்டே விஷயம். பொதுப் பயன்பாட்டு மின் கட்டணம் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. மாதா மாதம் பாதியை ஒதுக்கீடாகப் போடாவிட்டால், அறிக்கையில் ஒரு மாதம் லாபம், ஒரு மாதம் நஷ்டம் என்று தெரியும், குழுவில் கேள்வி பறக்கும். இன்னொன்று டிடிஎஸ், பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி. பதிவு செய்த சங்கம் செக்யூரிட்டி ஏஜென்சிக்கும் ஹவுஸ்கீப்பிங் ஒப்பந்தக்காரருக்கும், ஒரே பில் 30,000 தாண்டினாலோ வருஷத்தில் ஒரு லட்சம் தாண்டினாலோ, பிடித்துக் கட்ட வேண்டும். தனிநபருக்கு 1 சதவீதம், நிறுவனத்துக்கு 2. சப்ளையர் பதிவில் பான் எண் இல்லாமல் சேமிக்க முடியாதபடி வைத்துவிட்டால் பிற்பாடு அலைய வேண்டாம்.

கேட்டைக் கடைசியாக, மூன்றாவது மாதத்தில்தான் தொட்டோம். வாட்ச்மேன் போனில் தமிழ் இடைமுகம் இருக்க வேண்டும், குடியிருப்பவர்களின் எண் திரையில் தெரியக் கூடாது. அனுமதி வர 30 வினாடிக்கு மேல் ஆனால் இன்டர்காமில் கூப்பிட வேண்டும் என்று எழுதி ஒட்டினோம். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு முதலிலிருந்தே இன்டர்காம்தான். வீட்டுவேலைக்கு வருபவர்களுக்குப் பெயரும் புகைப்படமும் போதும். ஆதார் நகலை ஏற்றி வைத்தால், 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் காக்கும் பொறுப்பும் சங்கத்தின் தலையில் ஏறும்.

கேட் பதிவால் கிடைத்த எதிர்பாராத லாபம் தண்ணீர் லாரி. ஒவ்வொரு 12,000 லிட்டர் லாரியும் உள்ளே வரும்போது வண்டி எண்ணோடு ஒரு படம் எடுக்கச் சொன்னோம். மாதக் கடைசியில் சப்ளையர் பில்லில் உள்ள லோடு எண்ணிக்கையை இதோடு வைத்துப் பார்க்கிறோம். வித்தியாசம் இருந்தால் தேதி வாரியாகப் பேச முடிகிறது, ‘உங்க வாட்ச்மேன் எழுத மறந்திருப்பார்’ என்ற பதில் இப்போது வருவதில்லை.

மாதம் பிறந்ததும் 5ஆம் தேதிக்குள் பொருளாளர் மூன்று கோப்புகளை இறக்குகிறார்: வீட்டுவாரி லெட்ஜர், ரசீதுப் பட்டியல், செலவு வவுச்சர்கள். ஒரு பிரதி ஆபீஸ் பென் டிரைவில், இன்னொன்று ஆடிட்டருக்கு.