கோதுமை வெளியேறிய சமையலறை

ஜூன் 4

மகளுக்குச் சீலியாக் நோய் என்று உறுதியாகிவிட்டது. கோதுமை, பார்லியில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைப் புண்ணாக்குகிறது. எவ்வளவு சாப்பிட்டும் பிள்ளை தேறாதது அதனால்தான். மருந்து கிடையாது, ஆயுசுக்கும் பத்தியம். "இட்லி, தோசை சாப்பிடலாம்ல?" என்றார் மாமியார். தாராளமாகச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குப் பாதி உயிர் வந்தது.

ஜூன் 7

ரவை, சேமியா, மைதா, கோதுமை மாவு எல்லாம் போயாயிற்று. பார்லி மால்ட் கலந்த பானம், கோதுமை சேர்க்கிற சோயா சாஸ் கூடத்தான். அவளுக்கு மட்டும் தனி டப்பா வைக்க எனக்கு மனமில்லை. வீட்டுக்கே இனி ஒரே சமையல்.

அப்புறம் பெருங்காயம். டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் கோதுமை மாவு! அசல் பிசின் காட்டம் அதிகம் என்று மாவும் கோந்தும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். சாம்பார், ரசம், ஊறுகாய் என எதில் இல்லை அது? அரிசி மாவு சேர்த்ததும் வருகிறது. கடை கடையாக ஏறி இறங்கி வாங்கினேன்.

ஜூன் 13

இட்லி மாவு இருக்கும்வரை கவலையில்லை. மற்ற நாள் காலைக்கு இடியாப்பம், சாமை உப்புமா, தினைப் பொங்கல் என்று எழுதி ஒட்டியாயிற்று. ராத்திரிச் சப்பாத்தியின் இடத்தில் கேழ்வரகு அடை. இந்த மாவுக்கு இழுவை கிடையாது. கொதிக்கிற வெந்நீர் விட்டுக் கிளறி, சூடு ஆறுமுன் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டுப் பிசைந்து, வாழையிலையில் ஈரக்கையால் தட்ட வேண்டும். ஓரத்தில் விரிசல் விட்டால், விரலால் அழுத்தினால் போதும், சேர்ந்துகொள்ளும். விலை கூடிய 'க்ளூட்டன் ஃப்ரீ' பாக்கெட்டுகள் நமக்குத் தேவையே இல்லை என்பேன்.

ஜூன் 20

மாவு மில்லுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நமக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் அந்த மாவு இயந்திரத்தில் ஒட்டியிருக்கும். க்ளூட்டன் இல்லாத உணவு என்று விற்க, அதில் க்ளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. ஒரு பிடி கோதுமை மாவு கலந்தாலே எங்கேயோ போய்விடும். கேழ்வரகைக் கழுவி, காயவைத்து, மிக்ஸியில் அரைத்துச் சலிக்கிறேன். கொஞ்சம் நறநறப்பு உண்டு, பரவாயில்லை.

ஜூன் 27

நாளை அவள் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள், கேக் வெட்டுவார்கள். டீச்சரிடம் பேசிவிட்டேன். வகுப்புக்கே சேர்த்து எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம். பாகு ஆறுமுன் முடிக்க வேண்டும்.