டெல்லிக்கு முன் 226

"நேரா சுப்ரீம் கோர்ட்டுக்கே போயிடலாமா?" என்று கேட்பவர்கள், மேலே உள்ள நீதிமன்றத்துக்கு எல்லா அதிகாரமும் கூடுதல் என்று நம்புகிறார்கள். ரிட் (அரசையோ அதிகாரியையோ ஒன்றைச் செய்யவோ நிறுத்தவோ சொல்லி நீதிமன்றம் இடும் நீதிப்பேராணை) விஷயத்தில் இந்திய அரசமைப்புச் சட்டம் அப்படி எழுதப்படவில்லை. 32-ஆம் பிரிவில் உச்ச நீதிமன்றத்துக்குப் போக, அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். 226-ஆம் பிரிவிலோ அடிப்படை உரிமைக்காக மட்டுமல்ல, 'வேறு எந்த நோக்கத்துக்காகவும்' உயர் நீதிமன்றம் நீதிப்பேராணை பிறப்பிக்கலாம்.

அந்தச் சில சொற்களின் மதிப்பு, நிலத்தை இழந்தவருக்குத் தெரியும். 44-ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து எடுத்து, 300ஏ பிரிவில் சாதாரண அரசமைப்பு உரிமையாக வைத்துவிட்டது. இழப்பீடு தராமல் நிலத்தில் சாலை போட்டுவிட்டால், 300ஏ-வை மட்டும் காட்டி 32-இல் நுழைய முடியாது. 226-இல் முடியும்.

1976-இல் 42-ஆவது திருத்தம் கைவைத்ததும் இந்தச் சொற்களில்தான். அவற்றை நீக்கி, சட்டத்தில் வேறு பரிகாரம் இருந்தால் அடிப்படை உரிமை சாராத ரிட் மனுவையே ஏற்கக் கூடாது என்றது. 1978-இன் 44-ஆவது திருத்தம் பழைய அகலத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதனால் 'மேல்முறையீடு இருக்கிறதே' என்பது இன்று அரசமைப்புத் தடை இல்லை. நீதிமன்றம் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அதிகாரமில்லாத அதிகாரி போட்ட உத்தரவு, விளக்கம் கேட்காமல் போட்ட உத்தரவு போன்றவற்றில் அது தளரும் என்று 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்னொரு கதவும் திருத்தத்தால்தான் திறந்தது. தேர்தல் ஆணையத்தின் அலுவலகம் டெல்லியில் இருப்பதால் சென்னை உயர் நீதிமன்றத்தின் ரிட் அதன் மேல் பாயாது என்று 1953-இல், சாகா வெங்கட ராவ் வழக்கில், தீர்ப்பானது. மத்திய அரசை எதிர்க்க ஒவ்வொருவரும் வடக்கே ரயிலேற வேண்டிய நிலை. 1963-இன் 15-ஆவது திருத்தத்துக்குப் பிறகு, வழக்குமூலத்தில், அதாவது வழக்குக்குக் காரணமான நிகழ்வுகளில், ஒரு பகுதி இங்கே எழுந்திருந்தாலே போதும்.

இனி மனு. அதிகாரி பதிலே தராவிட்டால் கேட்க வேண்டியது மாண்டமஸ், அதாவது கடமையைச் செய்யச் சொல்லும் ஆணை. அதற்கு முன் அதிகாரிக்குக் கோரிக்கை அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையும் வைத்திருக்க வேண்டும். கேட்காததை மறுத்ததாகச் சொல்ல முடியாது. நிராகரிப்பு உத்தரவு வந்துவிட்டால் வெறும் மாண்டமஸ் போதாது, அந்த உத்தரவு அப்படியே நிற்கும். சென்னையில் வழக்கமாகக் கேட்பது 'செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ்': உத்தரவின் கோப்பு எண்ணும் (ந.க. எண்) தேதியும் குறிப்பிட்டு உத்தரவை ரத்து செய்யச் சொல்லி, அதோடு செய்ய வேண்டியதையும் செய்யச் சொல்வது. 'என் மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடுங்கள்' என்று மட்டும் கேட்டால் பரிசீலிக்கத்தான் உத்தரவு கிடைக்கும். நான்கு மாதம் கழித்து அதே நிராகரிப்பு வேறு எண்ணில் வரலாம்.

மனுக்கள் விழும் இடம் பெரும்பாலும் உண்மைத் தகராறு. நிலம் யாருடையது, கையெழுத்து யாருடையது என்று சாட்சி விசாரித்து முடிவு செய்ய வேண்டியவற்றை சிவில் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தாமதமும் கெடுக்கும், காலவரம்பு எழுதப்படவில்லை என்பதற்காக ஆறு வருடம் சும்மா இருந்துவிட்டுக் காரணமில்லாமல் வர முடியாது.

இடைக்காலத் தடை வாங்கியவர்கள் 226(3)-ஐ அவசியம் படிக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு நகல் தராமல், அவர்களைக் கேட்காமல் தடை பெற்றிருந்தால், அதை நீக்கக் கோரி அவர்கள் மனுப் போட்டு நகலையும் கொடுத்த பிறகு இரண்டு வாரத்துக்குள் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தடை தானாக விலகும் என்கிறது அந்த உட்பிரிவு. எனவே முதல் நாளிலேயே அரசு வழக்கறிஞருக்கு நகல் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.