வடிந்தது 3.2 லிட்டர், மீதி எங்கே?

எட்டு வயதான வண்டி ஒன்றை வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் ஆயில் மாற்றியது, பிரேக் பேட் மாற்றியது எல்லாம் தேதியோடு இருக்கிறது. எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவமான கூலன்ட்டை மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. ஒரு நாள் பானட்டைத் திறந்து ரிசர்வாயர் டப்பாவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டியது, துரு கரைந்த பழுப்பு நிறத்தில் நின்றது. அடியில் மெல்லிய வண்டல் வேறு.

ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் கருவி உண்டு. அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால், கலவை எந்த வெப்பநிலையில் உறையும் என்று நீலக்கோடு காட்டும். கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் கோடு -37 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு -12 காட்டியது. அப்படியென்றால் உள்ளே கிளைகால் கால் பங்குதான். வருடக்கணக்காக யாரோ குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள்.

உறையுமளவு குளிரே வராத ஊரில் இது ஏன் கவலை என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குக் கவலை உறைவது பற்றி இல்லை. எரிபொருள் எரிந்து வரும் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை இந்தத் திரவம்தான் சுமந்துகொண்டு வெளியே போகிறது. அலுமினியம், இரும்பு, ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. அவை அரிக்காமல் காப்பது அதில் கரைந்திருக்கும் தடுப்பு மருந்துகள். கிளைகால் அப்படியே இருக்கும்போதே அவை தீர்ந்துபோகும். அதனால்தான் மாற்றக் கெடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: பழைய சிலிக்கேட் வகைக்குச் சுமார் 2 வருடம், ஆர்கானிக் ஆசிட் வகைக்குச் சுமார் 5 வருடம். கொதிநிலை இன்னொரு விஷயம். என் ரேடியேட்டர் மூடியின் மேல் 1.1 என்று அச்சிட்டிருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் 1.1 பார் வரை அது பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர் சுமார் 121 டிகிரியில் கொதிக்கும்; பாதிக்குப் பாதி கலவை 129 வரை தாங்கும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும் எஞ்சினுக்கு அந்த எட்டு டிகிரி பெரிய விஷயம்.

எந்தக் கூலன்ட் வாங்குவது என்பதில் நிறத்தை நம்பவில்லை. நிறம் வெறும் சாயம். ஒரே சிவப்பில் இரண்டு வெவ்வேறு வேதியியல் கிடைக்கும். வண்டியின் கையேட்டில் சிலிக்கேட் இல்லாத, பாஸ்பேட் சேர்ந்த ஆர்கானிக் ஆசிட் வகை என்று தெளிவாகப் போட்டிருந்தது. அதையே தேடி வாங்கினேன். ஒத்துப்போகாத வகைகளைக் கலந்தால் தடுப்பு மருந்து வீணாகும், சில நேரம் கூழாகத் திரிந்து குழாயை அடைப்பதும் உண்டு.

அடுத்த கேள்வி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸா, தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட்டா? இந்த இடத்தில்தான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

கையேட்டின்படி மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர். ரேடியேட்டரின் அடித் திருகைத் திறந்தால் ரேடியேட்டரில் இருப்பதுதான் பெரும்பாலும் வடியும். எஞ்சின் பிளாக்கிலும், வண்டிக்குள் சூடான காற்றைத் தரும் ஹீட்டர் கோரிலும் இருப்பது அங்கேயே தங்கிவிடும். பிளாக்குக்குத் தனி டிரெயின் போல்ட் உண்டு, ஆனால் என் வண்டியில் அது எக்ஸாஸ்ட்டுக்குப் பின்னால், துருவேறி, கை நுழையாத இடத்தில் இருக்கிறது. எட்டு வருடம் அசையாத போல்ட்டை முறுக்கி உடைத்துவிட்டால் எஞ்சினையே இறக்க வேண்டி வரலாம் என்று அதைத் தொடவில்லை.

முதல் நாள் காலை, இரவு முழுக்க ஆறிய வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தினேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. அடித்தட்டைக் கழற்றினேன். எலெக்ட்ரிக் ஃபேன் சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் சுழலும், அதனால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரையும் கழற்றி வைத்தேன். டிரெயின் திருகு பிளாஸ்டிக். அதை ஸ்பானர் போட்டு முறுக்காமல், துணியைச் சுற்றிக் கையாலேயே திருகினேன். அதன் மூக்கில் ஒரு ரப்பர் குழாயைச் செருகியிருந்ததால் தரையில் சிந்தாமல் நேராக வாளிக்குப் போனது.

மூடியை உடனே திறக்கவில்லை. அதை மூடியே வைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, ரிசர்வாயரில் இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். டப்பா காலியான பிறகு மூடியைத் திறந்தேன், ஒழுக்கு வேகம் பிடித்தது. (ஆறிய எஞ்சினில் மட்டும். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்தால், அழுத்தம் விலகிய அந்த நொடியிலேயே திரவம் கொதித்து முகத்தில் அடிக்கும்.)

வந்ததை அளவுக்கோடு போட்ட பாத்திரத்தில் ஊற்றி அளந்தேன். ரிசர்வாயரில் இருந்ததைக் கழித்து 3.2 லிட்டர். 6 லிட்டரில் மீதி 2.8 உள்ளேயே நிற்கிறது. அப்படியே ரெடிமிக்ஸை ஊற்றியிருந்தால் புதியது பாதிக்குச் சற்று மேலும் பழைய பழுப்புத் தண்ணீர் பாதிக்குச் சற்றுக் குறைவுமாக வண்டி ஓடியிருக்கும். கலர் அழகாகத் தெரியும், தடுப்பு மருந்து பாதிதான் இருக்கும்.

ஆகவே, காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் கழுவத் தீர்மானித்தேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் போல ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும். பாஸ்பேட்டோடு சேர்ந்து திரியவும் செய்யும்.

ஒவ்வொரு கழுவலும் ஒரே வேலைதான்: திருகை மூடி, நீரை நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து, வடிப்பது. பொறுமை தேவைப்படும் இடம் தெர்மோஸ்டாட், அதாவது சூடேறியதும் உள்ளிருக்கும் மெழுகு விரிந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு. என் வண்டியில் அது 82 டிகிரியில் திறக்கும். அதுவரை ரேடியேட்டர் நீரும் பிளாக்கில் இருக்கும் பழையதும் பெரிதாகச் சேர்வதில்லை. ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் ஊற்றிய நீரையேதான் திரும்ப வடிப்போம். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். வெதுவெதுப்பாகவே இருந்தது, திடீரென்று சுட்டது. அதுதான் தெர்மோஸ்டாட் திறந்த அறிகுறி. அதற்குப் பிறகும் பத்து நிமிடம் ஓடவிட்டேன்.

ஒவ்வொரு வடிப்பிலும் 6-இல் 2.8 லிட்டர் தங்கிவிடுவதால், ஒரு முறை நிரப்பினால் பழையதின் பங்கு 47 சதவீதம், இரண்டாம் முறை 22, மூன்றாம் முறை 10. முதல் கழுவல் நீர் தேநீர் நிறத்தில் வந்தது, இரண்டாவது லேசான மஞ்சள், மூன்றாவது கிட்டத்தட்டத் தண்ணீர். ஒவ்வொரு முறையும் ஆற இரண்டு மூன்று மணி நேரம். முதல் நாள் இதிலேயே முடிந்தது.

இப்போது கான்சன்ட்ரேட் வாங்கியதன் காரணத்துக்கு வருகிறேன். மூன்றாம் கழுவலையும் வடித்த பிறகு உள்ளே 2.8 லிட்டர் நிற்கிறது, அது ஏறக்குறைய வெறும் தண்ணீர். அதன் மேல் 3.2 லிட்டர் ரெடிமிக்ஸ் ஊற்றினால் அதில் கிளைகால் 1.6 லிட்டர்தான், ஆறில் 1.6 என்பது 27 சதவீதம். இத்தனை பாடுபட்டு, பழையபடி கால் பங்குக்கே வந்து நிற்போம்! 3 லிட்டர் கான்சன்ட்ரேட், அதன் மேல் 200 மில்லி காய்ச்சி வடித்த நீர் என்று ஊற்றினால் சரியாகப் பாதிக்குப் பாதி. கழுவிவிட்டு ரெடிமிக்ஸ் ஊற்றியவர்களின் வண்டிகள் எத்தனை இப்படி ஓடிக்கொண்டிருக்குமோ என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாம் நாள் காலை புனலை வைத்து ஊற்ற ஆரம்பித்தேன். 2.5 லிட்டரோடு ரேடியேட்டர் கழுத்து வரை வந்து நின்றுவிட்டது. வடிந்தது 3.2, போனது 2.5. மீதி 700 மில்லி இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது. தெர்மோஸ்டாட் திறந்ததும் தானாக இறங்கும் என்று எண்ணி வண்டியை ஸ்டார்ட் செய்தேன். கழுவும்போது அப்படித்தான் இறங்கியது. அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, வண்டியின் கணினியிலிருந்து அளவுகளை எடுத்துக் காட்டும் ஓபிடி ஸ்கேனரில் வரும் சூட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். டாஷ்போர்டு முள்ளை நம்பவில்லை. பல வண்டிகளில் அந்த முள் ஒரு பெரிய இடைவெளிக்கு நடுவிலேயே அசையாமல் நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள்.

“தொண்ணூறு... தொண்ணூத்தஞ்சு.”

“ஹீட்டர்ல காத்து எப்படி வருதுக்கா?”

“ஜில்லுன்னுதான்டா வருது. நூறு... நூத்தி நாலு ஆயிடுச்சுடா!”

“ஆஃப் பண்ணுக்கா, ஆஃப் பண்ணு!”

எஞ்சின் 104-இல் இருக்கும்போது ஹீட்டரில் குளிர்காற்று வந்தால், ஹீட்டர் கோருக்குள் கூலன்ட் போகவில்லை என்று பொருள். மேல் ஹோஸும் சுடவில்லை. தெர்மோஸ்டாட்டைச் சுற்றிக் காற்று நின்றால் அதன் மெழுகுக்குச் சூடு சரியாகப் போய்ச் சேராது, அது திறக்கவும் தாமதமாகும். மெக்கானிக்குகள் ஏர் லாக் என்று சொல்வது இதைத்தான். பயந்துபோனேன், உண்மைதான். அலுமினிய சிலிண்டர் ஹெட் அதிகம் சூடேறினால் வளையும், கேஸ்கெட் போகும். எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்ற அளவு கையில் இல்லாமல் இருந்திருந்தால், புனலில் தெரியும் மட்டத்தை நம்பி இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்று விட்டிருப்பேன்.

மூன்று மணி நேரம் ஆறவிட்டேன். கையேட்டை மறுபடி படித்தபோது, ஹீட்டருக்குப் போகும் ஹோஸின் உயரமான இடத்தில் காற்றை வெளியேற்றும் ஒரு ஏர் பிளீட் ஸ்க்ரூ இருப்பதாகப் படம் போட்டிருந்தது. முந்தைய நாள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். நிரப்புவதற்காக ஸ்டாண்டிலிருந்து இறக்கி வண்டியைச் சமதரையில் விட்டிருந்ததும் தவறு. அந்த நிலையில் ஹீட்டர் ஹோஸ் ரேடியேட்டர் கழுத்தைவிட உயரத்தில் நிற்கிறது. காற்று உயரமான இடத்தைத்தான் தேடும். முன் சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி, கழுத்தையே எல்லாவற்றிலும் உயரமாக்கினேன். பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி மெதுவாக ஊற்றினேன். புஸ்ஸென்று காற்று, பிறகு நுரை, பிறகு குமிழி இல்லாத ஒழுக்கு. மூடினேன். மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டேன், புனலில் குமிழிகள் கொப்பளித்துக்கொண்டே வந்தன. மீதி அரை லிட்டர் கான்சன்ட்ரேட்டும் 200 மில்லி நீரும் உள்ளே போய்ச் சேர்ந்தன. கணக்கு 3.2-இல் வந்து நின்றது.

மறுபடி ஸ்டார்ட். இம்முறை 86-இல் மேல் ஹோஸ் சுட்டது, ஹீட்டரில் அனல் வந்தது. 97-இல் ஃபேன் ஓடி, 92-இல் நின்றது. இரண்டு முறை அது ஓடி நிற்கும்வரை பார்த்துவிட்டுத்தான் ஆறவிட்டு மூடியைப் போட்டேன், ரிசர்வாயரில் மேல்கோடு வரை நிரப்பினேன். டப்பாவுக்கு மட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன்.

வடித்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வடிப்பும் கழுவிய நீரும் சேர்த்துக் கிட்டத்தட்ட 13 லிட்டர். எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும்; நாயும் பூனையும் நக்கிவிடும். உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். ஒரு டீஸ்பூன் அளவே ஒரு பூனையைக் கொன்றுவிடும். வாளியை ஒரு நிமிடம்கூடத் திறந்து வைக்கவில்லை. வடிந்ததும் மூடியுள்ள கேன்களில் ஊற்றி, பழைய கூலன்ட் என்று எழுதி ஒட்டினேன். தரையில் சிந்திய இடங்களில் மரத்தூளைப் போட்டு உறிஞ்சவைத்து, கூட்டி அள்ளி, அதன் பிறகு கழுவினேன். கேன்களைச் சாக்கடையில் கொட்டாமல், கழிவு ஆயிலை எடுத்துக்கொள்ளும் இடத்தில் கூலன்ட்டையும் தனியாக வாங்குகிறார்களா என்று கேட்டுக் கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை ரிசர்வாயரில் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. மிச்சக் காற்று வெளியேறி அந்த இடத்துக்குக் கூலன்ட் போயிருக்கிறது, நிரப்பினேன். அதற்கடுத்த நாள் அரை விரல். மூன்றாம் நாள் கோட்டிலேயே நின்றது. டிரெயின் திருகின் அடியில் காகிதத்தை ஒற்றிப் பார்த்தேன், ஈரமில்லை. ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஒரு சொட்டை எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தேன். நீலக்கோடு -37-ஐத் தொட்டுக்கொண்டு நின்றது. தேதி, ஓடிய கிலோமீட்டர், கூலன்ட் வகை, வடிந்த அளவு 3.2 என்று நான்கு வரி எழுதி, பானட்டின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.