மெதுவா ஓட்டிக்கங்க

"இந்தப் பெட்ரோல் கிடைக்காத இடத்துல என்ன தம்பி பண்றது?" என்று கார்க்காரர் கேட்டபோது நான் லேப்டாப் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாதா பெட்ரோல் போட்டுக்கங்க சார். மெதுவா ஓட்டிக்கங்க. ஒண்ணும் ஆகாது."

மூன்றே வாக்கியம். அதில் எந்த இடத்தில் சறுக்கினேன் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கார் இன்ஜின்களை டியூன் செய்யும் எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்கிற பதில்தான் அது. 98 ஆக்டேன் பெட்ரோலுக்கு டியூன் செய்த, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் பூட்டிய காரில் சாதா 91 ஊற்றினால் ஆக்சிலரேட்டரை அழுத்தாதே என்பதுதான் அதற்குப் பொருள். ஆனால் நான் 'அழுத்தாதீங்க' என்று சொல்லவில்லையே, 'மெதுவா' என்றுதானே சொன்னேன். அவர் மெதுவாகத்தான் போயிருக்கிறார். ஆளும் சாமானும் நிறைய, நீளமான ஏற்றம், டாப் கியர், 2,000 ஆர்பிஎம். "அறுபதைத் தாண்டவே இல்ல தம்பி" என்றார். நம்புகிறேன். அந்த அறுபதில்தான் பிஸ்டன் போனது.

அவர் காரில் இருந்தது பெல்ட்டில் ஓடும் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர். இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் இவ்வளவு காற்று என்று அளந்து தள்ளும். டர்போவைப் போல வேகம் கூடட்டும் என்று காத்திருக்காது. ஏற்றத்தில் த்ராட்டில் முக்கால்வாசி திறந்தால் 2,000 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், வந்து உட்கார்ந்துவிடும். அமுக்கிய காற்று சூடாகவும் இருக்கும். மெதுவாக ஏறும் வண்டியில், அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்றும் போதாது. இதெல்லாம் ஒருபுறம். என்னை அதிகம் உறுத்துவது நேரக் கணக்கு. 6,000 ஆர்பிஎம்மில் இன்ஜினின் கிராங்க் தண்டு ஒரு டிகிரி திரும்ப 28 மைக்ரோ செகண்ட் போதும். 2,000 ஆர்பிஎம்மில் 83 ஆகும். பிளக் பற்றவைத்த தீ சிலிண்டரின் ஓரத்துக்குப் போய்ச்சேரும்வரை, அந்த ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் எரியாத கலவை தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறுத்திருக்க வேண்டும். பற்றிக்கொண்டால் அதுதான் நாக். ஆக்டேன் எண் சொல்வது அந்தப் பொறுமையைத்தான், எரிபொருளின் சக்தியை அல்ல. பொறுமை குறைந்த பெட்ரோலை மும்மடங்கு நேரம் காக்கவைக்கச் சொல்லியிருக்கிறேன். கீழ் கியரில் இன்ஜினைச் சுழலவிட்டு, மிதியை லேசாக வைத்துப் போயிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கும். அவர் காதில் விழுந்த 'மெதுவா'வுக்கு நேர் எதிரான ஓட்டம் அது.

பிரித்தபோது மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டன் வளையங்களைத் தாங்கும் ரிங் லேண்ட் உடைந்து கிடந்தது. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் அலுமினியம் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஆயில் பம்ப்பை எல்லாம் சோதித்தேன். எதைத் தேடினேன் என்று கேட்டால் பதில் இல்லை.

"98 மட்டும்னு எழுதிக் கையெழுத்து வாங்கியாச்சுல்ல, விடு" என்றார் எங்கள் சீனியர். வாங்கியாச்சுதான். காகிதத்தில் அப்படி எழுதிவிட்டு வாயால் வேறு சொன்னவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

இத்தனை நாளும் அந்த வாக்கியத்தையே சுற்றிவருவதற்கு இன்னொரு காரணம் இருக்கலாம். வாக்கியத்தைத் தாங்கிக்கொள்வது எனக்குச் சுலபம். நான் மாற்றிய எண் அப்படியில்லை.

அந்த இன்ஜினின் 86 மில்லிமீட்டர் சிலிண்டரில் நாக் அடித்தால் ஏறக்குறைய 6,700 ஹெர்ட்ஸில் ஓசை எழும். நாக் சென்சார் அந்த அலைவரிசையில்தான் காதை வைத்திருக்கிறது. ஆனால் சூப்பர்சார்ஜரின் ப்ராக்கெட் நேராக பிளாக்கில் பூட்டியிருந்ததால் அதன் கியர் சத்தமும் சென்சாருக்குக் கேட்டது. காரை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்க்கும் டைனோவில், 1,800 முதல் 2,600 ஆர்பிஎம் வரை, இன்ஜினின் கணினியான ஈசியூ அதை நாக் என்று நினைத்து, பிளக் பற்றவைக்கும் டைமிங்கைச் சும்மா சும்மா மூன்று, நான்கு டிகிரி பின்னுக்கு இழுத்தது. பிளாக்கில் மைக் வைத்து ஹெட்ஃபோனில் கேட்டேன். டைமிங்கை ஐந்து டிகிரி குறைத்துப் போட்டும் சத்தம் அப்படியே இருந்தது. நாக்காக இருந்தால் அடங்கியிருக்கும். பொய்ச் சத்தம் என்று முடிவுகட்டி அந்த எல்லையில் மட்டும் சென்சாரின் வரம்பை உயர்த்தினேன். கார் நன்றாக இழுத்தது. "கீழ கொஞ்சம் கரகரன்னு சத்தம் இருக்கும் சார், கண்டுக்காதீங்க" என்றும் சொன்னேன்.

அந்த முடிவு தவறா? அன்றைக்கு, அந்த டேங்கில் இருந்த பெட்ரோலுக்குத் தவறில்லை. இப்போதும் எவரிடமும் வாதாடுவேன். அதே இடத்தில் நிஜ நாக் வந்தால் சென்சாருக்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். தெரிந்துதான், அரை மணி நேரம் கழித்து, கேபிளைச் சுருட்டிக்கொண்டே 'ஒண்ணும் ஆகாது' என்றேன். சென்சார் விழித்திருந்தாலும் அது இழுக்கும் டைமிங் 91-க்குப் போதாமல் போயிருக்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தூக்கம் வராத இரவுகளில் அதைப் போட்டுப் பார்ப்பேன். சில நாள் போதும் என்று வருகிறது, சில நாள் போதாது என்று.

அவர் ஒருமுறைகூட என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஏற்றத்தில் டப்பாவுக்குள் கோலிக்குண்டு உருண்ட மாதிரி சத்தம் வந்ததாம். "நீங்க சொன்ன சத்தம்னு நினைச்சுட்டேன் தம்பி" என்றார், ஏதோ அவர் தப்பு மாதிரி.

புதிய பிஸ்டன்கள் போட்டு முடித்ததும் 91-க்கென்று தனி டியூன் மேப் ஒன்று எழுதி, ஸ்விட்சில் மாற்றும்படி வைத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேர வேலை. சென்சாரின் வரம்பையும் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டேன். கியர் சத்தத்துக்கெல்லாம் ஈசியூ மறுபடியும் டைமிங்கை இழுக்கிறது.

போன வாரம் போன் செய்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா கீழ முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குதே, என்னன்னு பார்க்கிறீங்களா?"

"கொண்டு வாங்க சார், பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன்.