ஏழு வயசுக்காரனின் நோன்பு

1 மார்ச் 2025, சனி

ரமலான் பிறை தெரிந்துவிட்டது. கீழக்கரையில் மாடிக்கு மாடி ஒரே சத்தம். பெரியவனுக்கு ஏழு வயசு. "நாளைக்கு நானும் நோன்பு" என்று பிடிவாதம். பருவம் வராத பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை, தொழுகையைத்தான் ஏழு வயசில் ஏவச் சொன்னார்கள் நபிகள் நாயகம். "மத்தியானத் தொழுகை, லுஹர் வரைக்கும் பிடி, போதும்" என்றேன். பக்கத்தில் இருந்த என் உம்மா, அவனுக்கு உம்மம்மா, "ரெண்டு அரை நோன்பைத் தைச்சா ஒரு முழு நோன்புடா வாப்பா" என்று அவனிடம் பேரம் முடித்துவிட்டார்கள்.

2 மார்ச், ஞாயிறு

விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு எழுப்பாமல் விட்டால் பெருங்குற்றமாகிவிடும் என்று எழுப்பினேன். அரைத் தூக்கத்தில் பால்சோறும் வாழைப்பழமும் சாப்பிட்டான். "ரமலான் மாதத்தின் ஃபர்ளான நோன்பை அதாவாக நாளை பிடிக்க நிய்யத் செய்கிறேன்" என்று உம்மம்மா சொல்லச் சொல்லத் தானும் சொன்னான். கடமையான நோன்பை அதற்குரிய நேரத்திலேயே பிடிக்கிறேன் என்ற உறுதிதான் அது. பத்தரை மணிக்கு பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

5 மார்ச், புதன்

மதரஸாவில் குர்ஆன் ஓதிவிட்டு வந்தவன் முகமே சரியில்லை. ராத்திரி படுக்கையில் கேட்கிறான்: "உம்மா, நோன்பை விட்டா அல்லாஹ் என்னை நெருப்புல போடுவானா?" கூட ஓதுகிற பெரிய பையன் யாரோ சொல்லியிருக்கிறான். அவனுக்கு அதைச் சொன்னது யாரோ.

எனக்கு இதில் பிடிவாதமான கருத்து உண்டு. அல்லாஹ்வைப் பிள்ளை முதன்முதலில் அறிமுகம் செய்துகொள்வதே நெருப்பு வழியாக என்றால், பிறகு ரஹ்மான், ரஹீம், அருளாளன், அன்புடையவன் என்று எத்தனை தடவை ஓதினாலும் அது நாக்கோடு நின்றுவிடும். பயம் தேவைதான். ஏழு வயசில் அல்ல.

நபிகள் நாயகத்தின் தோழியரில் ஒருவரான ருபய்யிஉ என்ற ஸஹாபிப் பெண் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். மதீனாவில் முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா நோன்பன்று தாய்மார்கள் பிள்ளைகளையும் நோன்பு பிடிக்க வைப்பார்கள். கம்பளியில் விளையாட்டுச் சாமான் செய்து வைத்திருப்பார்கள். பிள்ளை பசிக்கு அழுதால் அதைக் கையில் கொடுப்பார்கள், நோன்பு திறக்கும் நேரம் வரை. அடித்தார்கள், மிரட்டினார்கள் என்று அந்த ஹதீஸில் இல்லை.

"நமக்குக் கம்பளி எங்க?" என்றான். கீழக்கரை வெயிலில் கம்பளிக்கு எங்கே போவது? பழைய துப்பட்டாவைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, ஒட்டகம் என்று கொடுத்தேன். கழுத்தே இல்லாத ஒட்டகம். கட்டிப்பிடித்துத் தூங்கினான்.

9 மார்ச், ஞாயிறு

இன்றைக்கு முழு நோன்பு பிடித்தே தீருவேன் என்றான். பள்ளிக்கூடம் இல்லாத நாள், சரி என்றோம்.

பதினோரு மணிக்குப் பாப்பா தட்டில் கிடந்த இட்லித் துண்டை எடுத்து வாயில் போட்டு, விழுங்கியும் விட்டான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வீடே இடிகிற மாதிரி அழுகை. மடியில் போட்டுச் சொன்னேன்: "மறந்து சாப்பிட்டா நோன்பு முறியாது வாப்பா. அல்லாஹ்வே உனக்கு ஊட்டுனான்னு நினைச்சுக்கிட்டு நோன்பை முழுசாக்குன்னு ரசூலுல்லாஹ் சொல்லியிருக்காங்க." அழுகை நின்றது. "அல்லாஹ்வே இட்லி ஊட்டுனானா?" என்று ரொம்ப நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டு, "உம்மா, எனக்கு நோன்பு லேசா மறந்துக்கிட்டே வருது" என்கிறான். என் உம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மறக்கப் போறேன்னு ஞாபகம் இருக்குல்ல, அப்ப அது மறதி இல்ல" என்றேன். ஒத்துக்கொண்டான். வழக்கு நியாயமாக நடந்தால் பிள்ளைகள் தீர்ப்பை ஏற்றுக்கொள்வார்கள்.

அவன் வாப்பாவோடு பள்ளிவாசலுக்குப் போய்த் தூக்குவாளியில் கஞ்சி வாங்கி வந்தான். அதற்கப்புறம் பேரீச்சம்பழத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான். பாங்கு சொல்லும்போது கை முழுக்கப் பிசுபிசுப்பு. முதலில் ஜெல்லி மாதிரி இனிப்பான கடப்பாசியில்தான் கை போகும் என்று நினைத்தேன். தண்ணீரைத்தான் எடுத்தான், நிறுத்தாமல் குடித்தான்.

14 மார்ச், வெள்ளி

துபாயிலிருந்து அவன் மாமா, என் அண்ணன் (எங்கள் ஊரில் காக்கா என்போம்), வாட்ஸ்அப்பில் அறிவித்திருக்கிறார்: ஒரு நோன்புக்கு நூறு ரூபாய். பெருநாள் காசு கொடுங்க காக்கா, தாராளமா கொடுங்க, நோன்பை எண்ணிக் கொடுக்காதீங்க என்று பதில் போட்டேன். தங்கச்சி ரொம்பப் படித்துவிட்டாள் என்று கோபம். இருக்கட்டும். கூலி வாங்கிப் பழகிய பிள்ளை, கூலி நின்ற வருஷம் என்ன செய்வான்?

27 மார்ச், வியாழன்

27ஆம் கிழமை இரவு, அதாவது ரமலானின் 27ஆம் இரவு, விழித்திருந்து வணங்கும் இரவு. விடிய விடிய முழித்திருப்பேன் என்று போனவனை வாப்பா தோளில் போட்டுத் தூக்கி வந்தார்.

30 மார்ச், ஞாயிறு

நாளை பெருநாள். ஏழைகளுக்குக் கொடுக்கும் பெருநாள் தர்மமான ஃபித்ரா அரிசி அளக்கும் வேலையை அவனுக்கே கொடுத்தோம், தலைக்கு இரண்டரை கிலோ. தராசில் முள் நேராகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு அள்ளினான். பாப்பாவுக்கும் ஒரு பை என்றதும் தகராறு: "அவ நோன்பே பிடிக்கலயே! பால்தானே குடிக்கிறா?"

"வீட்ல எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் குடுக்கணும். பெருநாள் அன்னைக்கு யாரும் பட்டினி கிடக்கக் கூடாது, அதுக்குத்தான்" என்றார் வாப்பா.

யோசித்தான். பாப்பா பையில் மட்டும் பாதி அளவு போட்டு முடிச்சுப் போட்டான். உம்மம்மா முடிச்சை அவிழ்த்து மீதியைக் கொட்டினார்கள். "பசிக்கிறவங்களுக்கு இது யார் பைன்னு தெரியுமாடா?" என்றார்கள். அதற்கு அவனிடம் பதில் இல்லை, ஆனால் அவசரம் வந்துவிட்டது. பெருநாள் தொழுகைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டுமாமே. ஸ்கூட்டரில் பைகளைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, வாப்பா சட்டை மாற்றுவதற்குள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டான்.