மழைக்குள் கேட்ட குரல்

அக்டோபர் 27

மூன்றாவது நாளாக விடாத மழை. வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டிலிருந்து செந்தண்ணீர் வடிகிறது. தெளிந்து வந்தால் பயமில்லை, மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தால்தான் பார்க்கணும் என்று அம்மா சொல்வாள். குன்னூர்க்காரர்களுக்கு 2009 நவம்பர் மறக்காது. நீலகிரியில் அந்த மழையிலும் மண்சரிவிலும் மட்டும் 40-க்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அதிலிருந்து ராத்திரி மழை என்றால் எனக்குத் தூக்கம் கிடையாது.

பைபிளில் 46-ஆம் சங்கீதம் வாசித்தேன். "தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்" என்ற முதல் வசனம் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் இருக்கும். அடுத்த வசனத்தை யாரும் மாட்டுவதில்லை. மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும் பயப்படோம் என்கிறது அது. சமவெளிக்காரர்கள் உவமையாக வாசித்துக்கொள்ளலாம். நான் வாசித்துவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 29

ஜெபத்தில் ஒரே கேள்வி, வீட்டைக் காலி பண்ணட்டுமா, இருக்கட்டுமா? பைபிளில் கிதியோன் ராத்திரி வெளியில் தோலைப் போட்டு, அதில் பனி இறங்குகிறதா என்று தேவனிடம் அடையாளம் கேட்டானே, அது மாதிரி நானும் கேட்டேன். காலை ஏழு மணிக்குள் மூடுபனி விலகினால் இருக்கலாம் என்று. ஐப்பசியில், குன்னூரில், மூடுபனியை வைத்து! ஆறரைக்கு விலகி எதிர்வீட்டுத் தகரம் வரை தெரிந்தது, ஏழுக்கு மறுபடி மூடிக்கொண்டது. கிதியோனாவது தோலைப் பிழிந்து பார்த்தான்.

அக்டோபர் 30

சரி, எழுதிவிடுகிறேன். முழங்காலில் நிற்கும்போதெல்லாம் ஒன்றுதான் வருகிறது, "அண்ணன் வீட்டுக்குப் போ." அதுவும் அம்மா குரலில். அம்மா போய் நாலு வருஷம். அண்ணனோடு பேசி எட்டு மாசம். தடுப்புச் சுவர் கட்டப் பணம் தருகிறேன் என்றவர், நான் கல் இறக்கின பிறகு கையை விரித்துவிட்டார். அந்தக் கல் வாசலில் பாசி பிடித்துக் கிடக்கிறது. இது கர்த்தர் இல்லை, அம்மா மேல் உள்ள ஏக்கம் என்று தள்ளிவிட்டுத் தைக்க உட்கார்ந்தேன்.

நவம்பர் 1

பைபிளில் சின்னப் பிள்ளை சாமுவேலை ராத்திரி கர்த்தர் கூப்பிட்டபோது, அவன் மூன்று தடவையும் ஆசாரியர் ஏலிதான் கூப்பிட்டார் என்று நினைத்து ஓடினான். அப்படியென்றால் கர்த்தர் கூப்பிட்டது அவனுக்குப் பழகின குரல் மாதிரிதானே கேட்டிருக்கும், இல்லாவிட்டால் பிள்ளை எதற்கு ஓடப்போகிறான்? ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை வருஷம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், இது கண்ணில் படவே இல்லை.

என் பயம் எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியும். பத்து விஷயத்தை ஒரே மூச்சில், இப்போதே இப்போதே என்று. இந்தக் குரல் மூணு நாளாக அதே ஒரு வாக்கியத்தோடு நிற்கிறது, கூட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. அதைவிட, என் மனசு தானாக என்னை அண்ணன் வாசலுக்கு அனுப்பவே அனுப்பாது.

அப்புறம் எலியா தீர்க்கதரிசி. ஓரேப் மலையில் காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்துதான் கர்த்தருடைய அந்த மெல்லிய சத்தம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் தூதன் அவனுக்குத் தலைமாட்டில் அடையும் தண்ணீரும் வைத்து, தின்ன வைத்து, மறுபடி தூங்க விடுகிறான். செத்துப்போகிறேன் என்று படுத்தவனுக்கு ஒரு கண்டிப்பும் இல்லை. நானும் மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் தூங்கினேன். பாதிப் பயம் இறங்கிவிட்டது.

நவம்பர் 2

காலையில் பின்சுவரில் விரல் நுழையும் அளவு விரிசல். தையல் மிஷினைப் போர்வையால் மூடிவிட்டு, மகளையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். என் கணவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்திருக்காம், நாளைக்குக் கோத்தகிரி வழியாகச் சுற்றி வருகிறாராம்.

அண்ணன் வீடு வெலிங்டனில். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன், ஒன்றும் தேவைப்படவில்லை. கதவைத் திறந்தவர் என் காலைப் பார்த்தார். "செருப்போடயே வா, தரை சில்லுன்னு இருக்கு" என்றார். அவ்வளவுதான். அண்ணி பாப்பாவின் தலையைத் துவட்டினாள். பணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ராத்திரி அதே மழைதான், எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

நவம்பர் 4

காலி பண்ணுவதா இருப்பதா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மழை கொஞ்சம் விட்டதும் அண்ணனும் அவரும் நானும் வீட்டைப் பார்க்கப் போனோம். அண்ணன் வாசலில் கிடந்த கல்லைக் காலால் புரட்டி, பாசியைச் சுரண்டி, மேட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இது பத்தாது. இன்னும் ஒரு லோடு வேணும்."